நிழல் விழாத உச்சி

பங்குனி முடிய இரண்டு நாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் மாட்டுவண்டியில் வழியில் ஏறிக்கொண்டவன் நான். உள்ளே வண்டிக்காரரின் மனைவி காய்ச்சலில் முனகுகிறாள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் மருத மரத்தடியில் அவர் வண்டியை நிறுத்துகிறார்.

“வெளிய பாரும் வே, ஒண்ணுக்கும் நிழலு விழலை. இந்நேரம் சீக்காளியக் கொண்டு போனா உயிரு தங்காது.”

என் கடிகாரம் பன்னிரண்டு இருபது காட்டுகிறது.

“இது நாடு முழுக்க ஒண்ணா வச்ச ரயில் நேரம் அண்ணாச்சி. நம்மூருக்கு இப்பதான் உச்சி. பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கோம். வருசத்துல ரெண்டு தடவ சூரியன் நேர் தலைக்கு மேல வரும். பயப்பட ஒண்ணுமில்ல.”

“அப்போ நீரு முன்னால இறங்கி நடயும்.”

பாலத்துக் கைப்பிடிக்கு நிழல் இல்லை. எதிரே வரும் பெண்ணுக்கும் இல்லை. நான் இறங்கவில்லை.

அரை மணி கழித்து, மைல்கல்லின் அடியில் நிழல் கறுப்பு நூலாகத் திரும்பியதும் வண்டி கிளம்புகிறது. ஆஸ்பத்திரி வாசலில் அவளை எழுப்புகிறோம். எழவில்லை.