கோட்டைக்குப் போன பதினொரு மொட்டைகள்

மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு ஐந்து சட்டசபை உறுப்பினர்கள் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வரிசையாக நின்றதையும், அவர்களைப் பார்த்த பாவா துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டதையும் இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அன்று எனக்கு வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

பாவா என் அக்காவின் கணவர். திருத்தணியில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குகிற எங்களைப் போன்ற வீடுகளில் அக்காள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆளுங்கட்சியின் சட்டசபை உறுப்பினர். யுத்தம் முடிந்த பிறகும் நூலுக்குக் கட்டுப்பாடு நீங்காத காலம் அது. கட்சித் தலைவரின் கையாட்களுக்கு வேண்டிய ஊர்களுக்கு நூல் போயிற்று; எங்கள் ஊருக்கு வரவில்லை. எங்கள் வீட்டு நான்கு தறிகளில் மூன்று சும்மா கிடந்தன. தெரு முழுக்க அதே கதைதான். சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தல் வந்தபோது பாவா, தலைவரை எதிர்த்து நின்றவர் பக்கம் சேர்ந்தார். ஜெயித்தால் முதல் மாதமே திருத்தணிக்கு நூல் வரும் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ஜெயிக்க ஏழு பேர் குறைந்தார்கள். அந்த ஏழு பேரையும் பாவா எப்படியோ பேசிச் சரிக்கட்டினார். ஆனால் அவர்கள் மனம் மாறியது வெளியே தெரிந்தால், பழைய தலைவர் பதவி காட்டியோ பயம் காட்டியோ திரும்ப இழுத்துக்கொள்வார். அதனால் சொந்த ஊருக்குப் போவதாகச் சொல்லவைத்து, ரயிலேற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். ரேஷன் அரிசியில் ஏழு பெரிய மனிதர்களுக்குச் சமைத்துப் போட்டவள் நான். ஒருவருக்குக் காரம் ஆகாது, ஒருவருக்குக் காரமில்லாமல் இறங்காது. நூலை நினைத்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் விடியற்காலை அவர்களில் ஒருவர் பொய்கையில் குளித்து வருகிறேன் என்று போனார். போனவருக்கு மகனுக்கு அம்மை கண்டபோது வேண்டிக்கொண்டது நினைவு வந்திருக்கிறது. தணிகை மலை வரைக்கும் வந்துவிட்டு முடியோடு திரும்பினால் முருகன் சும்மா விடுவானா? நாவிதர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். தேடிப் போன நான்கு பேரும், வந்தது வந்தோம் என்று ஆளுக்கொரு பழைய வேண்டுதலைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மற்ற இருவர் எழுந்திருக்க நேரமானதால் தப்பித்தார்கள்.

“இன்னாய்யா பண்ணிட்டு வந்துகிறீங்க?” என்று பாவா தலையில் கை வைத்துக்கொண்டார். “நாளைக்கு மறுநாள் சபை கூடுது. அதுக்கு அடுத்த நாள் ஓட்டு. சந்தன மொட்டையோட கோட்டைக்குள்ள போனா, எங்கே போயிருந்தீங்க, யார் வூட்ல சோறு துன்னீங்கன்னு சின்னப் புள்ள கூட சொல்லுமே!”

“திருப்பதின்னு சொல்லிடறோம்” என்றார் மகனுக்காக வேண்டிக்கொண்டவர், பாவம்.

“அஞ்சு பேரும் ஒரே நாள்லயா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசைக் கரண்டியும் கையுமாக வெளியே வந்து கத்தினேன். “நல்லா இருக்குது உங்க அரசியலு! அஞ்சு பேர்னா அடையாளம் தெரியத்தான் செய்யும். கோட்டையில பாதிப் பேரை மொட்டை போட்டுக் கூட்டிக்கினு போங்க பாவா, எவன் கண்டுபிடிக்கறான்னு பாக்கலாம்!”

கோபத்தில் சொன்னதுதான். பாவா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அடுத்த ரயிலில் பட்டணம் போய்விட்டார்.

அங்கே எதிர்க்கட்சியில் ஒரு வக்கீல் இருந்தார். பாவாவோடு அரக்கோணத்தில் படித்தவர். எங்கள் கட்சித் தேர்தலில் அவருக்கு ஓட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் எழுந்து கேள்வி கேட்கும்போதெல்லாம் பழைய தலைவர் தன்னை உட்காரச் சொல்வது அவருக்கு ஆறாத புண். மறுநாள் கிருத்திகை. பாவா விஷயத்தைச் சொன்னதும் வக்கீல் தன் கட்சியில் மூன்று பேரை அழைத்துக்கொண்டார். போதாததற்கு, எங்கள் கட்சியில் பழைய தலைவரின் கூடவே இருபது வருஷம் நின்ற ஒரு பெரியவரையும் அவர் நண்பரையும், “கிருத்திகைக்குத் தணிகை போறோம், வர்றீங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டார். இருவரும் பக்திமான்கள், சந்தோஷமாகப் புறப்பட்டார்கள். ஆறு பேரும் முடி இறக்கினார்கள். வக்கீலின் கிராப்பு ஊரறிந்த கிராப்பு. அது போனதைப் பார்த்து நான் ‘அடடா’ என்றபோது, “முடி வளந்துடும்மா. அந்த ஆளுக்கு நாற்காலி போனா வளருமா?” என்றார்.

மறுநாள் கோட்டைக்குள் பதினொரு மொட்டைகள் நுழைந்தன. பழைய தலைவரின் ஆட்களுக்குத் தலை சுற்றிவிட்டதாம். எதிர்க்கட்சிக்காரன் எதற்கு மொட்டை? நம் பெரியவர் எதற்கு மொட்டை? பாவா யாரை வளைத்தார், யாரை வளைக்கவில்லை? மொட்டை போடாத இரண்டு பேரையும் அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் சந்தேகம் முழுக்கப் பெரியவர் மேலேயே விழுந்தது. அன்று மாலையே அவரும் நண்பரும் தங்கியிருந்த அறை வாசலில் காவலுக்கு ஆள் போட்டார்கள்.

மறுநாள் ஓட்டெடுப்பில், கணக்கில் வைத்திருந்த இரண்டு பேர் கடைசி நேரத்தில் நழுவிவிட்டார்கள். அப்படியும் பாவாவின் ஆள் ஜெயித்தார், இரண்டே ஓட்டில்.

ஊரே எங்கள் வீட்டில் திரண்டது. நானும் பெருமை பிடிபடாமல் எல்லாருக்கும் பானகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பெரியவர் மலைக்கு வந்தவர், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் அப்போதுதான் முடி அரும்பியிருந்தது. “பேரனுக்காக மொட்டை போட்டேம்மா. அதுக்கு என் ரூம் வாசல்ல ஆளை நிறுத்திட்டாங்க. இருவது வருஷம்மா! அந்த ரோசத்துலதான் ஓட்டை மாத்திப் போட்டேன். என் சிநேகிதனும் போட்டான்” என்றார். எங்கள் தந்திரம் அவருக்குத் தெரியாது. இன்னும் கொஞ்சம் மோர் வேண்டுமா என்று கேட்டேனே தவிர, அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. வெட்கமாக இருந்தது.

சொன்னபடி நூல் வந்தது. எங்கள் தறியில் இறங்கிய முதல் வேட்டியைப் பாவா கையில் கொடுத்து, அந்தப் பெரியவரிடம் சேர்க்கச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த கட்சிக் கூட்டத்துக்குப் பெரியவர் அதையே கட்டிக்கொண்டு வந்தாராம். புதிய தலைவர் எதிரில் எழுந்து நின்று, வேட்டியின் தலைப்பைத் தூக்கிக் காட்டி, “இது திருத்தணி வேட்டி. அங்கே நூல் வந்துடுச்சு. எங்க ஊருலயும் நெய்யறவன் பட்டினியாத்தான் கிறான். அவனுக்கு எப்போ?” என்று கேட்டாராம். கூட்டமே பாவாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் பாய்ந்தார்.

“அவர் கையில கேள்வியை எடுத்துக் குடுத்ததே நீதாம்மா!”

“ஆங், நான்தான்” என்றேன். “அவங்க ஓட்டுலதானே ஜெயிச்சீங்க? போய் அவங்க ஊருக்கும் நூல் வாங்கிக் குடுங்க பாவா.”