கூடத்துச் சுவரின் முந்தி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவருக்குப் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தது மாமா. அம்மாவின் தம்பி. "தண்ணி ஊத்திக் கழுவிக்கலாம்க்கா, நூறு வருசத்துக்கு அசையாது" என்று சத்தியம் செய்துதான் அடித்தார். இரண்டு மழைக்குத் தாங்கவில்லை. ஓதம் ஏறி, சுவர் பூராவும் பொரித்த அப்பளம் மாதிரி கொப்பளித்துவிட்டது. தப்பை ஒத்துக்கொண்டாரா என்றால், அவராவது ஒத்துக்கொள்வதாவது! "சுவத்துல கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வாங்கி வந்த அரிசியில் கல் கடித்தால்கூடக் கடித்தவர் பல்லைத்தான் குறை சொல்வார்.

அக்காவைப் பெண் பார்க்கச் சேத்துப்பட்டிலிருந்து வருகிறார்கள் என்று முடிவானதும் அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சுவர்தான். கொத்தனாரைக் கூப்பிட்டோம். அவர் சுவரைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது மேல பூசினா நிக்காதுங்க. வழவழன்னு இருந்தா சிமெண்ட் எதைப் புடிச்சுகினு நிக்கும்? பூரா சுவத்தையும் உளி வெச்சுக் கொத்தி வையுங்க. திங்கக்கிழமை வந்து பூசிடறேன்." பெண் பார்க்க வருவது அதற்கடுத்த ஞாயிறு.

கொத்துவதில் என்ன இருக்கிறது, கண்ட இடத்தில் நாலு போடு போட்டால் ஆயிற்று என்று யாரும் நினைப்பார்கள். எங்கள் அப்பா பட்டுத் தறிக்காரர். கூடத்தில் இருந்த தறியில் பாதி நெய்த சேலையைத் தூசி படாமல் மூன்று போர்வை போட்டு மூடினார். பிறகு நூல் பிடித்து, சாக்பீஸால் கோடு கிழித்து, சுவரையே ஒரு சேலையாகப் பிரித்துவிட்டார். மேலே ஒரு பார்டர், கீழே ஒரு பார்டர், நடுவில் உடம்பு, இடது கோடியில் காற்றாடிக்கு நேராக முந்தி. உடம்பு அப்பாவுக்கு. முந்தி அக்காவுக்கு, ஏனென்றால் வீட்டில் நேர்த்தியான கை அவளுடையது. மாமாவுக்குக் கீழ்ப் பார்டரில் பீரோ மறைக்கிற மூன்றடி மட்டும். மாமாவுக்கு முகம் சுருங்கிப் போனது.

அப்பா ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை தள்ளித் தள்ளிக் கொத்தினார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் சுவரில் சேலைப் பூக்கள் மாதிரி புட்டா விழுந்திருந்தது.

"பூசி மூடப்போற சுவத்துக்கு எதுக்குங்க புட்டா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கோணலா வந்தா எனக்குத் தூக்கம் வராது" என்றார் அப்பா.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது. "எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்ப்பா. டீச்சர் டிரெய்னிங் சேரணும்."

"என்னது?" என்று கத்தினார் அப்பா, கையை நிறுத்தாமல்.

"உளி மழுங்கிடுச்சிப்பா."

அப்பா வேறு உளி கொடுத்தார்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். மாமா காலை பஸ்ஸிலேயே ஒரு காதுகுத்துக்குத் தேவிகாபுரம் போய்விட்டார். வீட்டில் நானும் அக்காவும்தான். அக்கா முந்தியில் ஒரு கொத்துகூடப் போடவில்லை. வெகுநேரம் அந்தப் பச்சையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சிமெண்டைத் தண்ணீரில் பால் மாதிரி கரைத்து, சுவர் முழுக்க வெள்ளையடிக்கிற மட்டையால் அடித்துவிட்டாள். பச்சை, புட்டா எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது.

"அக்கா, நீ கொத்தவே இல்லியே!"

"கை வலிக்குதுடி. யாருகிட்டயும் சொல்லிடாத."

எனக்கு அவள்மேல் அப்படியொரு பரிதாபம் வந்தது. சாமி சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். திங்கட்கிழமை வந்த கொத்தனார், "பால்கூட அடிச்சி ரெடியா வெச்சிருக்குதே பொண்ணு!" என்று மெச்சிக்கொண்டே பூசி முடித்தார்.

பெண் பார்க்கும் நாளன்று வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருந்தது. நாற்காலிகளை அக்காவே எடுத்துப் போட்டாள். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் காற்றாடிக்கு நேராக, சுவரை ஒட்டி ஒன்று. நல்ல கனமான மனிதர். பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "அப்பாடா" என்று பின்னால் சாய்ந்தார். சுவரும் அவரோடு சேர்ந்து சாய்ந்தது. தாம்பாளம் அகலத்துக்கு ஒரு பூச்சு அப்படியே பெயர்ந்து அவர் தோள் வழியாக இறங்கி, மடியிலிருந்த தட்டுச் சட்டினியில் விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது ஓட்டைக்குள்ளிருந்து பச்சை பெயிண்ட் பளபளவென்று சிரித்தது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். "சகுனம் சரியில்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க." காப்பியைத் தொடக்கூட இல்லை. வேன் கிளம்பிவிட்டது.

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா விழுந்த சில்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. "முந்தியை யாரு கொத்தினது?" என்று கேட்டார். அக்கா காப்பித் தட்டோடு நின்றாள்.

மாமா சில்லைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "நான்தான் மாமா" என்றார் அப்பாவிடம். "அவ கை வலிக்குதுன்னா. நான் செய்றேன்னு வாங்கிகினு மறந்துட்டேன். என் தப்புதான்."

அப்பா பிடித்துக்கொண்டார் பாருங்கள்! ஆயில் பெயிண்டிலிருந்து ஆரம்பித்து மாமாவின் பத்து வருட வண்டவாளம் பூராவையும் எடுத்துப் போட்டார். தெருவே வந்து வாசலில் நின்றது. மாமா அன்றைக்கு ஊரிலேயே இல்லையே! சத்தியமாவது ஒன்றாவது என்று வாயைத் திறந்தேன். மாமா ஒரு முழு ஜாங்கிரியை என் வாயில் திணித்தார்.

அன்றிலிருந்து அவர் குடுமி என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். "நீ பொய் சொன்னதை அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்றால் போதும், ஜாங்கிரி வந்துவிடும். வெட்கமில்லாமல் வாராவாரம் தின்றேன். அந்த வருடம் அக்கா டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்த அன்று மாமா கையை விரித்துவிட்டார். "இனிமே யாருகிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லிக்கோ போ."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேராகத் தறிக்கு ஓடி, ஒன்று விடாமல் அப்பாவிடம் கொட்டினேன். அப்பா தறியை நிறுத்தக்கூட இல்லை.

"உங்க மாமன்கிட்ட முந்தியைக் குடுக்கிற அளவுக்கு எனக்கென்ன புத்தியா கெட்டுப்போச்சி?" என்றார்.

அப்படியென்றால் அன்றைக்கு எதற்காக மாமாவைத் தெருவே கேட்கும்படி அப்படித் திட்டினார் என்பது மட்டும் எனக்கு அப்போது புரியவில்லை.