வடசேரியில் காயாத வானம்

குவைத்தில் நான் தீட்டிய வானமெல்லாம் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும். வடசேரி பஸ் நிலையத்துச் சந்தையில் அன்று காயவே மாட்டேன் என்றது. பூட்டிய கடை ஒன்றின் தகரச் சாய்ப்புக்குக் கீழே பெட்டிமேல் உட்கார்ந்து, எதிரே தார்ப்பாய் கட்டிய காய்கறிக் கடைகளை வரைந்துகொண்டிருந்தேன். சாரல் பட்டு, வானத்துச் சாம்பல் நிறம் வழிந்து முருங்கைக்காய்க் கட்டுகளின்மேல் இறங்கியது. வெளிநாட்டில் பிழைக்கும் மக்களே, ஊர் வந்து இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் படம் வரைந்தானா என்று சிரிக்காதீர்கள். தூரிகை கையில் இருக்கும்வரை வீட்டை நினைக்காமல் இருக்கலாம்.

வேலை போய்விட்டது. விசாவை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை. முட்டம் கோவிலில் தங்கை பெலிந்தாவின் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்கத் தொடங்கியாயிற்று. "பொண்ணுக்க அண்ணன் கொவைத்துல" என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டினார்கள். நான் பெட்டியோடு போய் நின்றால் கல்யாணமே நின்றுபோகுமோ என்ற பயம். வந்த முட்டம் பஸ்ஸையெல்லாம் ஏறாமல் விட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தப் படக்கிறுக்கு, அங்கே அறையில் உடனிருந்த பிலிப்பினோக்காரன் தந்தது. வெள்ளிக்கிழமைகளில் தெருவோரம் உட்காருவோம். ஒருமுறை காவலாளி ஒருவர் ஓடிவந்து படத்தைக் காட்டி அரபியில் கத்தினார். ஐயோ, வரையக்கூடாத கட்டடம் போலிருக்கிறது என்று குடியிருப்பு அட்டையான பத்தாக்காவை நீட்டினேன். கடைசியில் பார்த்தால், தன்னையும் படத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் மனுஷன்! அங்கே பத்தாக்கா இருந்தால் போதும், நான் யார் என்பதற்கு மறுபேச்சில்லை.

இங்கே ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலை நீட்டி அளவு பார்த்தது வினையாயிற்று. காய்கறிக்கார அக்காள் எழுந்து வந்தாள்.

"சாரே, கடையள அளக்குதியளோ? இடிக்கப் போறாவளா?"

"இல்லக்கா, சும்மா வரையுதேன்."

"மழையில ஆராவது சும்மா படம் வரைவானா?"

கூட்டம் கூடிவிட்டது. சுமை தூக்குபவர் ஒருவர் தாளைப் பறித்துக்கொண்டு, கையைப் பிடித்து என்னை மழைக்குள் இழுத்தார்.

"ஏலே, எந்த ஊரு நீ?"

"முட்டம்."

"முட்டத்துக்காரன் பெட்டியோட இங்க என்னத்துக்குக் குத்த வச்சிருக்கான்? வீட்டுக்குப் போனப் போடுலே."

என் போனில் உள்ளூர் சிம் இல்லை. அக்காள் தன்னுடையதை எடுத்து நம்பர் கேட்டாள். சொல்லாவிட்டால் அடி விழும், சொன்னால் அம்மா. அடியே மேல் என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் கூட்டத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எந்த நம்பர் என்று பார்த்து எடுக்கும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை.

"ஆரு?"

"அம்மா, நான்தான்."

"மக்கா ஆன்றனி! இன்னிக்கு வேலைக்குப் போவலியா? சாப்பிட்டியா?"

கூட்டம் தளர்ந்தது. "நம்ம ஆளுதாம்டே" என்று சுமைக்காரர் ஈரத் தாளைத் திருப்பித் தந்தார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெலிந்தாவின் முகம் கண்முன் வந்து நின்றது.

"என்னா எரைச்சலு! அங்கயும் மழையா மக்கா?"

அக்காள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. இங்கயும் மழதான்."

"நனஞ்சிராத மக்கா. தல தொவத்தி விட ஆருமில்லாத ஊரு."

அக்காள் போனை அணைத்தாள். எதிரே முட்டம் பஸ் புறப்பட்டுப் போனது. நான் குவைத்தில் நனைந்துகொண்டு நின்றேன்.