இலஞ்சி ஏட்டம்மா வாங்கிய படகு

வள்ளித்தாய் படகு வாங்கப்போகிறாள் என்ற செய்தி இலஞ்சிக்குள் பரவியபோது, எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது ஐந்தருவி போகிற வழியிலுள்ள படகுக் குழாம்தான். மிதிபடகு நாலைந்து வாங்கி வாடகைக்கு விடப்போகிறாள் போலிருக்கிறது, சீசனில் நல்ல வரும்படிதான் என்று பேசிக்கொண்டார்கள். பாய் கட்டி ஓட்டுகிற படகு, அதுவும் அவளே ஏறி ஓட்டுவதற்கு என்று தெரிந்ததும் அந்தக் கணக்கெல்லாம் நின்றுபோனது.

குற்றாலம் பேரருவிக்கு முன்னால் போலீஸ்காரியாக விசிலும் கையுமாக நின்றே வேலைக்காலத்தில் பாதியைக் கழித்தவள் அவள். மேலே மழை பெய்து தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், மற்றவர்கள் கவனிப்பதற்கு முன்பே அவள் விசில் ஊதிவிடுவாள். எண்ணெய் தேய்த்த உடம்போடு முறைத்துக்கொண்டு நிற்கும் ஆண்களைக்கூடக் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டுவிடுவாள். ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் ஊர் அவளை ஏட்டம்மா என்றுதான் கூப்பிட்டது.

படகு ஆசை பிடித்தது தூத்துக்குடியில். யாரோ பெரிய மனிதர் துறைமுகத்துக்கு வருகிறார் என்று பந்தோபஸ்துக்குப் போட்டிருந்தார்கள். கடலிலிருந்து அடித்த காற்று அவள் தொப்பியை இரண்டு முறை பறித்துக்கொண்டு போனது. அப்போதுதான் அந்தச் சின்னப் படகைப் பார்த்தாள். இரண்டு பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பெண். எஞ்சின் சத்தம் இல்லை. படகு கரையை விட்டுக் கடலுக்குள், அதாவது காற்று வருகிற பக்கத்தைப் பார்த்தே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள். "உள்ள மோட்டார் இருக்கும்மா" என்றார் அவர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காற்று தள்ளினால் பின்னால்தானே போகவேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகு கைப்பேசியில் தேடத் தொடங்கினாள். பாய்மரப் படகுகளில் ஸ்போர்ட்ஸ் போட் என்று ஒரு வகை உண்டு, அதன் உடம்பு லேசு, பாய் பெரிது, மூன்று நான்கு பேர் போகலாம் என்று தெரிந்தது. அவளை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு செய்தி. சின்னதாக இருந்தால் ட்ரெய்லரில் ஏற்றி ஜீப்புக்குப் பின்னால் மாட்டி எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாமாம்.

கணவர் கணேசமூர்த்தி பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர். விடியற்காலை சந்தைக்குப் போய், மதியம் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்காருவார். அந்த நேரம் பார்த்து அவள் கேட்டாள்.

"ஏங்க, நம்ம பொலிரோ எவ்வளவு எடை இழுக்கும்?"

"எதுக்குட்டி கேக்க?"

"ஒரு படகு வாங்கலாம்னு பாக்கேன்."

அவர் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "கடல் இல்லாத ஊர்ல படகா?"

"அதான் சக்கரம் வச்ச படகு. கடல் இருக்க எடத்துக்கு நாம போயிருவோம்லா."

"நீ தனியாத்தான் போகணும். நான் கரையில நின்னுக்கிடுதேன்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. முப்பது வருடம் பழகியதில் அவள் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் நடுவில் நிறுத்தமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

வழி காட்ட ஆள் தற்செயலாகக் கிடைத்தான். வீட்டு ஏசியைப் பழுதுபார்க்க வந்த கடையநல்லூர் துல்கர்னைன், துபாயில் படகுத்துறை ஒன்றில் பத்து வருடத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவன். பணக்காரர்களின் படகுகளைத் தண்ணீரில் இறக்குவதும் ஏற்றுவதுமே அவன் வேலை. அவள் கேட்ட கேள்வியில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏட்டம்மா, நெசமாவா கேக்கீய? இந்த ஊர்ல எங்கிட்ட படகப் பத்தி ஒருத்தரும் கேட்டதே இல்ல."

"எத வாங்கணும், எத வாங்கக்கூடாது? அத சொல்லு தம்பி."

"மொதல்ல படகப் பாக்காதீய. தண்ணியப் பாருங்க. எங்கன ஓட்டப்போறீய? கடல்லயா, காயல்லயா? அதுக்குப் பொறவு, தண்ணியில எறக்க எடம் எப்படி இருக்குன்னு பாக்கணும். துபாய்ல கிரேன் இருந்திச்சு. இங்கன யாரு தூக்குவா?"

அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் தண்ணீர் பார்க்கவே அலைந்தார்கள். மணப்பாட்டில் அலை மிரட்டியது. தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் வந்துபோயின. செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிக் கொல்லம் போய் அஷ்டமுடிக் காயலைப் பார்த்ததும் வள்ளித்தாய்க்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. அலையில்லாத விரிந்த உப்பங்கழித் தண்ணீர், மதியத்துக்கு மேல் எழும் காற்று, படகை இறக்கச் சரிவாகக் கட்டிய ஒரு சிமெண்ட் தளம்.

விற்பனைக்கு வந்த முதல் படகு தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்ஸி நடத்தும் அருமைநாயகத்துடையது. சிவப்பு நிறம். வெயிலில் மிளகாய்ப்பழம் மாதிரி மின்னியது. வள்ளித்தாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு இரும்புக் கனம் துருத்திக்கொண்டு நின்றது. அதற்குக் கீல் என்று பெயர், படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான் என்று துல்கர்னைன் சொன்னான்.

"இது மேல ஏறுமா?" என்று கேட்டாள்.

"ஏறாதும்மா. ஒட்டுனது ஒட்டுனதுதான்" என்றார் அருமைநாயகம்.

"மொத்தம் என்ன எடை சார்?"

"ஒரு டன்கூட இருக்காது."

கணேசமூர்த்தி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். எடை என்ற சொல் காதில் விழுந்ததும் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, உப்பு லாரிக்கு எடை போடுத மேடை பக்கத்துலதான இருக்கு? ஒரு நடை ஏத்திப் பாத்துருவோமே."

பார்த்தார்கள். ட்ரெய்லரோடு சேர்த்து இரண்டு டன்னைத் தொட்டது. அருமைநாயகமே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வாங்குன நாள்லருந்து நான் எடை போட்டதே இல்லம்மா. கிரேன்காரன்தான் தூக்குதான், எனக்கு எப்படித் தெரியும்?"

திரும்பும் வழியில் கணேசமூர்த்தி பேசிக்கொண்டே வந்தார். காய் லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் பல தடவை மலையிறங்கியவர் அவர். "ஏத்தத்துல இழுக்கது பெருசில்லட்டி. எறக்கத்துல அது பின்னாலருந்து நம்மளத் தள்ளும். ஒரு டன்னுக்குள்ள இருந்தா சொல்லு, நான் ஓட்டுதேன்."

வள்ளித்தாய்க்கு அந்தச் சிவப்பு நிறம் இரண்டு நாள் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன்பிறகு விட்டுவிட்டாள்.

இரண்டாவது படகு அஷ்டமுடிக் கரையிலேயே இருந்தது. விற்பவர் சூசம்மா, அறுபது கடந்த பல் டாக்டர். முழங்கால் வலியால் படகில் குனிந்து நிமிர முடியவில்லை என்றார். படகு மங்கிய வெள்ளை. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதன் கீல், கையால் சுற்றும் ஒரு சின்னச் சக்கரத்தால் மேலே ஏறியது. ஏற்றிவிட்டால் முழங்கால் தண்ணீரில்கூட மிதந்தது. பாய்மரம், அடியில் கதவுக்கு இருப்பதுபோல ஒரு மடிப்பு வைத்து, படுக்கவைத்து நிமிர்த்தும்படி இருந்தது.

"எத்தன பேரு வேணும் டாக்டர், இத நிமித்த?" என்றாள்.

"ரெண்டு பேர்."

சிறிது நேரம் கழித்து, "ஒருத்தர் இருந்தாச் சிரமமா?" என்றாள். போகும்போது, "காத்து அடிக்கும்போது நிமித்தணும்னா மூணாவது ஆளு வேணுமோ?" என்றாள். ஒரே கேள்வியை மூன்று வாசல் வழியாகக் கேட்பது ஸ்டேஷனில் வந்த பழக்கம். சூசம்மா மூன்று தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். பிறகு தானாகவே ட்ரெய்லர் சக்கரத்தைக் காட்டி, "பேரிங் துரு. மாற்றணும்" என்றார். கீல் இறங்கும் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் கசியும் என்பதையும் சொன்னார். வள்ளித்தாய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, துல்கர்னைனைப் பார்த்தாள். அடைத்துவிடலாம் என்று அவன் தலையசைத்தான்.

அன்று மதியம் சூசம்மா அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். கணேசமூர்த்தி சொன்னபடியே கரையில் நின்றுகொண்டார், கையில் மனைவியின் செருப்பு. லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த வள்ளித்தாயிடம் சுக்கான் கம்பைக் கொடுத்து, பாய்க் கயிற்றை இன்னொரு கையில் திணித்தார் சூசம்மா. காற்று முன்னாலிருந்து சற்றே பக்கவாட்டாக முகத்தில் அடித்தது. கயிற்றை இழுத்தாள். படகு சாய்ந்தது. ஆனால் பின்னால் போகவில்லை. ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் பிதுங்கி ஓடுமே, அப்படி முன்னால் பாய்ந்தது. ஒரு பக்கம் பாய் தள்ள, அடியில் கீல் விட்டுக்கொடுக்காமல் நிற்க, நடுவில் மாட்டிக்கொண்ட படகுக்குப் போக்கிடம் முன்னால்தான் இருந்தது. காற்றுக்கு நேராகப் போக முடியாது, கொண்டைஊசி வளைவில் பஸ் ஏறுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத்தான் ஏறவேண்டும் என்பதும் கைக்குத் தெரிந்தது.

"மோட்டாரு இல்ல!" என்று கத்தினாள். யாருக்குச் சொல்கிறாள் என்று மற்ற இருவருக்கும் புரியவில்லை.

கரைக்கு வந்து, முன்பணம் தரட்டுமா என்று கேட்டபோது சூசம்மா நீந்தத் தெரியுமா என்று மலையாளத்தில் கேட்டார். "நீந்தான் அறியாமோ?"

வள்ளித்தாய் அருவிக்கரையில் எத்தனை பேரைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருப்பாள். எல்லாம் தரையில் கால் ஊன்றி நின்றுதான்.

"தெரியாது டாக்டர்."

"அப்போ படகு தரில்ல. நீந்தப் படிச்சிட்டு வா. நான் வேற ஆளுக்கு விற்கில்ல."

"அதான் ஜாக்கெட் இருக்கே டாக்டர்" என்றான் துல்கர்னைன்.

சூசம்மா அசையவில்லை. வள்ளித்தாய்க்கு முகம் சிவந்தது. கார் தென்மலை தாண்டியபோது, "அந்தம்மா சொன்னது சரிதான்" என்றாள்.

ராயகிரியில் தங்கை சண்முகசுந்தரிக்குத் தோட்டமும் அதில் ஒரு பெரிய கிணறும் இருந்தன. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய், இரண்டு காலி எண்ணெய்க் கேனை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினாள். மேலே மோட்டார் ரூமிலிருந்து தங்கை சத்தம் போடுவாள். "ஏக்கா, கயித்த விடு! எத்தன நாளைக்குத்தான் கயித்தையே பிடிச்சிட்டுக் கெடப்ப?"

"விட்டா உள்ள போயிருவேன்ட்டி!"

"போனா வருவ. மூச்ச உள்ள பிடி. விசிலு ஊதுன நெஞ்சுதான உனக்கு?"

மூச்சைப் பிடித்தால் உடம்பு தானாக மேலே வருவதும், விட்டால் தாழ்வதும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பயத்தை மறந்து அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். முதலில் முதுகிலிருந்து ஒரு கேன் போனது. ஐப்பசி மழையில் கிணறு நிரம்பி வழிவதற்குள் இன்னொன்றும் போயிற்று.

தை பிறந்து அவர்கள் மறுபடி கொல்லம் போனபோது சூசம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை. படகுத்துறையின் ஓரத்தைக் காட்டி, "சாடு" என்றார். சுடிதாரோடு வள்ளித்தாய் குதித்தாள். உப்பு மூக்கில் ஏறியது. எழுந்து, இருமி, தூரத்தில் கட்டிக்கிடந்த ஒரு மீன்பிடி வள்ளம் வரை நீந்திப் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அழகான நீச்சல் இல்லை. சூசம்மா கை கொடுத்துத் தூக்கிவிட்டு, ட்ரெய்லர் பூட்டின் சாவியையும் அந்தக் கையிலேயே வைத்தார்.

துல்கர்னைன் பேரிங்கை மாற்றி, கசிவையும் அடைத்து முடித்ததும் புறப்பட்டார்கள். மலை ஏறுவதற்கு முன்பு புனலூரில் ஒரு எடைமேடையைக் கண்டுபிடித்து ஏற்றிப் பார்க்கக் கணேசமூர்த்தி தவறவில்லை. ஒரு டன்னுக்குள்தான் இருந்தது. மலையில் அவர் இரண்டாவது கியரை விட்டு மாறவே இல்லை. பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஆரியங்காவு சோதனைச்சாவடியில் காவலர் ஒருவர் டார்ப்பாலினைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள என்ன?"

"படகு."

"படகுக்குள்ள?"

"ஒண்ணும் இல்ல சார். நாங்க ஏறுனாத்தான் உண்டு" என்றாள் வள்ளித்தாய்.

வீட்டு முற்றத்தில் பாய்மரத்தை நிமிர்த்திப் பழகினார்கள். முதல் நாள் அது சரிந்து பக்கத்து வீட்டு முருங்கையில் போய்ச் சாய்ந்தது. ஒரு வாரத்தில் கணவனும் மனைவியுமாக அதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். "ஏட்டம்மா, செல்போன் டவரா?" என்று ஒருவர் கேட்டார். பாய் எந்தத் துணி, மழையில் நனைந்தால் என்ன ஆகும், தூங்க இடம் உண்டா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னாள்.

மாசியில் ஒரு ஞாயிறு, அஷ்டமுடியில் படகை இறக்கியபோது கணேசமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் ஏறி உட்கார்ந்தார். அவள் அவருக்கு ஜாக்கெட்டை மாட்டி இறுக்கிக் கட்டிவிட்டாள். துல்கர்னைன் கரையில் நின்று கையசைத்தான். கொஞ்ச தூரம் நன்றாகப் போனது. காயலின் நடுவில் காற்று சட்டென்று ஓய்ந்தது. பாய் தொங்கிப்போனது. சுற்றிலும் சத்தமே இல்லை.

"இப்போ என்ன செய்ய?" என்றார்.

"ஒண்ணும் செய்யாண்டாம். வரும்."

அவர் படகின் விளிம்பைப் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டு, தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாக்கில் வைத்து உப்பா என்று சோதித்தார். பிறகு தூரத்தில் தென்னை அடர்ந்து கிடந்த ஒரு தீவைப் பார்த்தார். அதன் கரையில் ஒரு வீட்டின் ஓடு தெரிந்தது, கொடியில் துணி காய்ந்தது.

"ஏட்டி, அங்கன ஆளு குடியிருக்கு போல. காய்கறிக்கெல்லாம் எங்க போவாவ?"

"தெரியலியே."

"பாலமும் இல்ல."

பாயின் ஓரம் லேசாகச் சிலிர்த்தது. வள்ளித்தாய் கயிற்றைக் கையில் எடுத்தாள்.

"வாங்க, போய்க் கேப்போம்" என்றாள்.