கண்மாய்க்குள் நடந்த ஆட்டம்

என் சித்தப்பாவின் குரல் ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்த வீடுகளிலெல்லாம் பழக்கம். கால்பந்து, ஹாக்கி, சடுகுடு, ரேக்ளா பந்தயம், எதுவானாலும் அவர் சொல்லக் கேட்டால் போதும், நேரில் போய் வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்பார்கள். பிற்காலத்தில் டெலிவிஷன் வந்தபோது, தலை முழுக்க நரைத்திருந்த அவரை அங்கேயும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஆனால் அவர் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்ட ஆட்டத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவருமே கிடையாது.

அப்போது நாங்கள் அரிமளத்தில் இருந்தோம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். வீட்டில் அம்மா, சித்தப்பா, நான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, பொன்னமராவதிப் பக்கம் ஒரு சடுகுடுப் போட்டியில் அப்பா விழுந்துவிட்டார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. நானும் பாண்டி ஆடும்போது தினமும் விழுவேன். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஆடுவேன். அதனால் அப்பா விழுந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

சுற்றுவட்டாரப் போட்டிகளுக்கெல்லாம் முன்பு சித்தப்பாதான் மைக் பிடிப்பாராம். அப்பா விழுந்த நாளோடு விட்டுவிட்டார். அரிசி ஆலைக்குப் போவார், வருவார். வீட்டில் அவர் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை.

கோடை விடுமுறையில் ஒரு நாள், உச்சி வெயிலில், சாப்பிட வராத சித்தப்பாவைக் கூப்பிட்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். ஆலையில் அவர் இல்லை. கண்மாய்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது கண்மாய். கரையேறியபோதே குரல் கேட்டது. கணீரென்று, ஏறி இறங்கி, மூச்சு விடாமல் ஓடுகிற குரல். வேறு யாரோ என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சித்தப்பா.

தன்னந்தனியாக நின்றிருந்தார். முஷ்டியை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்திருந்தார். எதிரே காலால் கீறிய ஒரு கோடு. கோட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் அவர் கண் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் பேச்சை நிறுத்தி, கூட்டம் கைதட்டி ஓயும்வரை காத்திருப்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்த இடைவெளியில் பனைமரங்களின் ஓலை படபடத்தது.

அப்புறம் அப்பாவின் பெயரைச் சொன்னார். "பாடிப் போறாரு... தொட்டுட்டாரு... விழுந்துட்டாரு! யாரும் கிட்டப் போகாதீங்க, இது அவரோட தந்திரம். இந்தா எந்திரிக்கிறாரு, எந்திரிக்கிறாரு..."

அவர் பார்த்த இடத்தில் புழுதி சுழன்று ஆள் உயரத்துக்கு எழும்பியது. நான் பார்த்தேன். தோள் இருந்தது, தலை இருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் இருந்தது என்றுதான் சொல்வேன். சித்தப்பா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் வீட்டைப் பார்த்து ஓடினேன்.

"அம்மா, கண்மாயில அப்பா எந்திரிக்கிறாரு. சித்தப்பா சொல்றாரு."

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. எங்கே என்று மட்டும் கேட்டாள். விசேஷத்துக்குக்கூட வாசல் தாண்டாதவள், முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் என் பின்னாலேயே வந்தாள்.

கரையில் நின்று முழு ஆட்டத்தையும் கேட்டாள். 'எந்திரிக்கிறாரு' என்ற இடம் வந்ததும் இறங்கிப் போய் சித்தப்பாவின் முன்னால் நின்றாள். அவர் முஷ்டியை இறக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க சொன்னதை நம்பித்தான் யாரும் கிட்டப் போகலைன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீங்களா தம்பி?"

சித்தப்பாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

"போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. விழுறப்பவே உசுரு இல்லைன்னுட்டாரு டாக்டர். எங்கிட்ட சொன்னாரு. நீங்க கேக்கவே இல்ல, நானும் சொல்லல." கீறிய கோட்டைப் பார்த்துவிட்டு, "முடிங்க தம்பி. எந்திரிக்கலைன்னு சொல்லி முடிங்க. நானும் கேட்டுக்கிறேன்" என்றாள்.

"மதினி..." என்றார். அவ்வளவு பெரிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பிறகு முஷ்டியை இன்னும் வாயருகே கொண்டுபோய், கூட்டத்துக்குச் சொல்கிற அதே குரலில், "விழுந்தவர் எந்திரிக்கல. ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றார்.

ஓலைச் சத்தம் நின்றது. புழுதி அடங்கியது. சித்தப்பா கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா அழவில்லை. எதிரே காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்த வருஷமே அவர் மறுபடி மைக் பிடித்தார். பிறகு திருச்சிக்குப் போய், குரல் சோதனையில் தேறி, ரேடியோவில் சேர்ந்தார். முதல் தடவை அவர் பேசியபோது பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியது. ஆட்டத்தில் யாராவது விழுந்தால் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவார். விழுந்தவன் எழுந்த பிறகுதான் அடுத்த சொல் வரும். ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று பெட்டியைத் தட்டுவார்கள். அதை அவருடைய பாணி என்று பத்திரிகைகள் பிற்பாடு பாராட்டின.

அதெல்லாம் பின்னால். அன்று கண்மாயிலிருந்து திரும்பும்போது அம்மா நீட்டிய கையை நான் பிடிக்கவில்லை. தனியாக முன்னால் நடந்தேன். ராத்திரி அவள் பிசைந்து கொடுத்த சோற்றையும் தொடவில்லை. எவ்வளவோ கேட்டும் காரணம் சொல்லவில்லை. எத்தனையோ நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆள் உயரத்துக்கு எழுந்துவிட்ட அப்பாவை, 'எந்திரிக்கலைன்னு சொல்லி முடிங்க' என்று அம்மாதானே படுக்க வைத்துவிட்டாள்.