தோஃபிஸைக் கடலுக்குக் கூட்டிப்போன திங்கட்கிழமை

மிரோஃபோரா முப்பத்தோரு வருஷமாகத் தீவின் சுற்றுலா ஊரான அயா நாபாவில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்துவந்தாள். ஒரு நாளைக்குப் பதினாறு அறைகள். ஒவ்வொன்றுக்கும் பால்கனி உண்டு, பால்கனிக்கு நேரே கடல். ஈரத் துண்டுகளை அள்ளும்போது கண்ணில் படும். அவளுக்கும் கடலுக்கும் அவ்வளவுதான் பழக்கம். அவள் பிறந்து வளர்ந்தது உள்ளே தள்ளி, சோதிரா கிராமத்தின் செம்மண்ணில் சேப்பங்கிழங்கு போடும் வீட்டில். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் ஏறினால் நெஞ்சு படபடக்கும்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் தோஃபிஸ். தீவில் போர் வந்த வருஷம் கடலோர நகரமான வரோஷாவிலிருந்து ஓடிவந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. கடற்கரையிலிருந்து அப்படியே லாரியில் ஏறியதால் இடுப்பில் நீச்சல் உடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அயா நாபாவில் ஹோட்டல்கள் முளைக்க ஆரம்பித்ததும் விசைப்படகு ஓட்டப் போனான். ஜெர்மானியர்களையும் ஸ்வீடன்காரிகளையும் கயிற்றில் கட்டி அலைமேல் சறுக்கவிடுவது அவன் தொழில். மே மாதம் தொடங்கினால் அக்டோபர்வரை சட்டை போடமாட்டான். பெண்டாட்டிக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று மூன்று கோடைகாலம் முயன்று பார்த்தான். "நீ சேப்பங்கிழங்குதான்டி. தண்ணியில போட்டா நேரா அடியில போய் உக்காந்துக்குவ" என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டான்.

அறுபதாவது வயதில், மார்ச் மாதம், படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது கையில் தூரிகையோடு சாய்ந்தான். வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது: "வா." பசித்தாலும் வா, கோபம் வந்தாலும் வா, ஆமாம் என்பதற்கும் வா, வேண்டாம் என்பதற்கும் அதேதான். மிரோஃபோரா அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்தே குடும்பம் நடத்தினாள்.

இரண்டாவது கோடையில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்தபடி உட்கார ஆரம்பித்தான். இடது கை கடல் இருக்கும் திசையைக் காட்டும். "வா, வா, வா." அதற்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. தர்பூசணியையும் ஹலூமிப் பாலாடைக்கட்டித் துண்டுகளையும் டப்பாவில் அடைத்து, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

முதல் கடற்கரையில் மரப்பலகைப் பாதை உண்டு, தண்ணீர்வரை போகும். அன்றைக்கு அதன்மேல் இரண்டு வரிசையாய்ச் சாய்வு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அவற்றை வாடகைக்கு விடுபவன் வர்னவாஸ். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். அந்த உறவுமுறையில் அவளைக் குமேரா என்றுதான் கூப்பிடுவான். அவன் தோஃபிஸின் தலையைப் பிடித்து முத்தமிட்டான்.

"என்ன குமேரா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

"இந்த நாற்காலிய கொஞ்சம் நகத்து வர்னவா. இவரு தண்ணிய தொடணும்."

வர்னவாஸ் சுற்றும்முற்றும் பார்த்தான். விடியவிடிய ஆடிவிட்டு வந்த பையன்களும் பெண்களும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். "இவனுங்கள எழுப்பினா என்னைக் கொன்னுடுவானுங்க. பன்னெண்டு மணிக்கு மேல வாயேன்?"

"பன்னெண்டு மணி வெயில்ல இவர வறுத்து எடுக்கவா?"

அவள் சக்கர நாற்காலியைத் திருப்பினாள்.

அடுத்த கடற்கரையில் நடக்க முடியாதவர்களுக்கென்றே தண்டவாளம் போட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் இருக்கை தானாகவே கடலுக்குள் இறங்கும். அவள் அழுத்தினாள், அசையவில்லை. தண்ணீர் விற்கிறவன், "அது போன வாரத்துலேருந்தே அப்படித்தான். சாவி வச்சிருக்கறவரு லீவுல போயிட்டாரு" என்றான். தோஃபிஸ் அந்த இருக்கையை இடது கையால் ஓங்கி அறைந்தான். "வா!" அதில் எவ்வளவு வசவு இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் சின்னக் கரை. மணலில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் உயிர்காப்பாளன் யோர்தானிஸ் கோபுரத்திலிருந்து இறங்கி ஓடிவந்தான். நாற்பதைத் தாண்டியவன். படகு ஓட்டத் தோஃபிஸிடம்தான் கற்றிருந்தான்.

"கேப்டன்! என்கிட்ட நேரா வராம எங்கெல்லாம் சுத்திட்டு வர்றீங்க?"

அவனும் ஒரு போலந்துக்காரனும் தோஃபிஸை அலாக்காகத் தூக்கிக்கொண்டுபோய், மிதவையைக் கக்கத்தில் கொடுத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். மிரோஃபோரா உடுத்திய உடுப்போடு மார்பளவு தண்ணீரில் நின்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். தோஃபிஸின் முகம் மாறியது. சாய்ந்த நாளிலிருந்து கோணிக்கிடந்த வாய்கூட நேரானதுபோல் இருந்தது. அவனைப் பார்த்த சந்தோஷத்தில் அவளுக்குத் தன் பயமே மறந்தது.

"அத்தை, புடிச்சுக்குங்க. இதோ வந்துட்டேன்." பாறைப் பக்கம் யாரோ கூச்சல் போட, யோர்தானிஸ் அங்கே ஓடினான். போலந்துக்காரனும் தன் குடையடிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே இருந்தார்கள். பிறகு தோஃபிஸ் இடது கையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து பிரித்தான். மெதுவாகத்தான் பிரித்தான், முரட்டுத்தனம் இல்லை. மிதவையைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தான். நல்ல காலால் ஓர் உதை உதைத்தான், விலகினான்.

"தோஃபி, எங்க போற? போதும், வந்துடு."

இன்னோர் உதை. ஒரு கையும் ஒரு காலும் போதுமாயிருந்தது அவனுக்கு. அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அடுத்த அடியில் தரை இல்லை. வாயில் உப்பு புகுந்தது. பின்வாங்கி நின்றாள். நீந்துகிறவர்களுக்கு எல்லையாகக் கட்டிய மஞ்சள் மிதவைக் கயிற்றை நோக்கி அவன்ப் போய்க்கொண்டிருந்தான்.

"வா" என்றான் ஒருதரம். கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது, போய்வருகிறேன் என்கிற மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் அந்தச் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் புரிந்துகொண்டவளுக்கு அன்றைக்குப் புரியவில்லை.

கத்தினாள். கரையில் ஒலிபெருக்கி அதிர்ந்துகொண்டிருந்தது. வாழைப்பழ வடிவ ரப்பர் படகில் போகிறவர்கள் வீறிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலில் இவள் கூச்சலும் ஒன்று. கையை ஆட்டினாள், மிதந்துகொண்டிருந்த ஒரு பெண் சிரித்தபடி திரும்பக் கையாட்டினாள். ஓட முடியாது, நீந்த முடியாது, விட்டுவிட்டுக் கரைக்குப் போய் ஆள் அழைக்கவும் கால் வரவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று, ஐம்பத்தெட்டு வயதில், அவன் தலை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோர்தானிஸ் கடைசியில் கண்டுகொண்டான். பாய்ந்து நீந்தி, மிதவைக் கயிற்றுக்கு அப்பாலிருந்து இழுத்துவந்தான். கரையில் கிடத்தியபோது தோஃபிஸின் முகம் முழுக்க நனைந்திருந்தது. கடல்நீரா வேறா என்று சொல்ல முடியாது. தர்பூசணியை ஊட்டினாள். தின்றான்.

வீட்டில், உப்புத் தண்ணீர் போகக் குளிப்பாட்டிய பிறகு, அவன் முன்னால் மண்டியிட்டுக் கேட்டாள்.

"நீந்தத்தான போன? இல்ல, போயிடலாம்னே போனியா? ஒருதரம் தலைய ஆட்டிச் சொல்லு தோஃபி."

அவன் அவள் கன்னத்தில் கையை வைத்தான். தலை ஆடவில்லை.

ஆகஸ்டில் தண்டவாளத்தைச் சரிசெய்துவிட்டார்கள். யோர்தானிஸ் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னான்: "அத்தை, இருக்கை ஓடுது. கேப்டனக் கூட்டிட்டு வாங்க."

"சளி புடிச்சிருக்குப்பா" என்றாள்.

தோஃபிஸ் ஜன்னலைக் காட்டும்போதெல்லாம், "இன்னும் ரிப்பேர் பண்ணலையாம்" என்றாள். திங்கட்கிழமைகளில் வேண்டுமென்றே வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் ஒரு செப்டம்பர் நாளில் கையைக் காட்டுவதை நிறுத்தினான். அதுதான் அவளை அதிகம் வதைத்தது. ஆனாலும் கூட்டிப்போகத் துணியவில்லை.

டிசம்பரில் நுரையீரலில் சளி கட்டி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தான்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு, தேவாலய முற்றத்தில் வேகவைத்த கோதுமையும் மாதுளை முத்தும் கலந்து சின்னப் பைகளில் கொடுத்துக்கொண்டிருந்தாள். யோர்தானிஸ் வந்து பையை வாங்கினான். அவன் கையை அவள் விடவில்லை.

"அன்னிக்கு நீ போய்ப் புடிச்சப்போ எந்தப் பக்கம் திரும்பியிருந்தாரு? கரைப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அவன் நன்றாக யோசித்தான். அவளுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்ததுபோலவும் இருந்தது. ஆனால் எது வேண்டும் என்று அவளுக்கே தெரியாதபோது அவன் எப்படிச் சொல்வான்?

"மல்லாக்கப் படுத்திருந்தாரு அத்தை. மேல பாத்துட்டு."

அவள் கையை விட்டாள். அவனுக்குப் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த பையை எடுத்து நீட்டினாள்.