பட்டியலை நிரப்ப வந்தவள்

ஏழு வருஷமாக ஒரு நோயாளிகூட நுழையாத வார்டை நுன்சியா சிரியானி தினமும் காலையில் துடைத்துக்கொண்டிருந்தாள். பெத்ராரோசா மலையூர் ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவை பிராந்திய அரசு மூடிவிட்டது. ஆனால் துப்புரவு ஒப்பந்தத்தில் இத்தனை சதுர மீட்டர் என்று எழுதியிருந்ததை யாரும் திருத்தவில்லை. ஆகவே எட்டுக் கட்டில்களும் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளத்தன. நெஞ்சுவலி வந்தவர்கள் எழுபது நிமிஷம் வளைந்து வளைந்து கடற்கரை நகரத்துக்கு இறங்கினார்கள். சிலர் போய்ச் சேர்ந்தார்கள்.

அவளுடைய வேலை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படும் வேலை. புதுப்பிப்பது ஒப்பந்தக்காரர், ஒப்பந்தக்காரருக்குச் சொல்வது பெல்காஸ்த்ரோ. மூன்று தேர்தலாக அந்த மாவட்டத்திலிருந்து பிராந்திய சபைக்குப் போய் உட்கார்ந்திருப்பவர். ஊரில் அவருடைய கை, கால், வாய் எல்லாம் ரோக்கோதான். நல்ல கம்பளிக் கோட்டு, சதுக்கத்துக் காப்பிக் கடையில் மூலை மேஜை. ஆஸ்பத்திரி வேலையும் காட்டிலாகா வேலையும் அந்த மேஜையில்தான் பிறக்கும், அங்கேயேதான் சாகும். வீட்டில் கணவன் சவேரியோ முதுகெலும்பு போய்ப் படுத்திருந்ததால், அந்த மேஜையைத் தாண்டும்போது நுன்சியாவும் எல்லோரையும் போலத் தலையை ஆட்டிவிட்டுத்தான் போவாள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ரோக்கோவே அவளைக் கூப்பிட்டான்.

"ஏம்மா நுன்சியா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. அக்டோபர் தேர்தலுக்கு நம்ம கட்சிப் பட்டியல்ல நீ வேட்பாளர்."

"நானா? எதுக்கு, டொன் ரோக்கோ?" ஊரே மரியாதைக்கு அந்த 'டொன்'னைச் சேர்க்கும்.

"இத்தனை பொம்பளைங்க இருக்கணும்னு சட்டம். மூணு பேர் கிடைச்சாச்சு, ஒண்ணு குறையுது. நீ ஒண்ணும் பேச வேணாம். போட்டோவுக்குத் தலை மட்டும் சீவிக்கிட்டு வா."

அவளும் தலை சீவிக்கொண்டு போனாள். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது; வேறு என்ன செய்வாள்?

விஷயம் செப்டம்பர் கடைசியில் உடைந்தது. ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் மெலீனா, நுன்சியாவுக்கு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, எங்க தெருவுக்கு உன் பேரு வந்திருக்கு. மேல பெல்காஸ்த்ரோ, கீழ நீ."

"என்னது, வந்திருக்குன்னா?"

"அடையாளம்தான். ஊத்துத் தெருவுக்கு மேல நீ, கீழ அவரு. மேட்டுத் தெருவுக்கு வேற பொம்பளை. தெருவுக்கு ஒரு ஜோடி. உனக்குத் தெரியாதா? நீதானே வேட்பாளர்."

அந்த வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னத்துக்குப் பக்கத்தில் இரண்டு வெற்றுக் கோடுகள் இருக்கும். பிடித்தவர்கள் பெயரை வாக்காளரே எழுத வேண்டும். இரண்டு எழுதினால் ஒன்று ஆண், ஒன்று பெண். இல்லாவிட்டால் இரண்டாவது செல்லாது. பெண்களைச் சபைக்குக் கொண்டுவரத்தான் யாரோ புண்ணியவான்கள் போட்ட விதி. ரோக்கோ அதைப் பூட்டும் சாவியுமாக ஆக்கிவிட்டான். பெல்காஸ்த்ரோவோடு நான்கு பெண்கள், மேலே கீழே மாற்றினால் எட்டு ஜோடி. ஊரில் எட்டுத் தெரு, ஒரே வாக்குச்சாவடி. எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் உரக்கப் படிப்பார்கள். எந்த ஜோடி குறைகிறதோ, அந்தத் தெருவுக்குக் குளிர்காலம் கொஞ்சம் கடுமையாக இருக்கும்.

நுன்சியா ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு வந்தது துக்கமில்லை, நல்ல சுத்தமான கோபம். ஐம்பத்து நான்கு வயது வரை அவள் பெயரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. கேட்டபோது, மாட்டுக்குச் சூடு போடக் கேட்டிருக்கிறார்கள்.

"வாயை மூடிக்கிட்டு இரு," என்றான் சவேரியோ. "வேலை போச்சுன்னா நானும் நீயும் என்னத்தைத் திங்கிறது?"

"தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம் மூடிக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரத்தப் பரிசோதனைக்காக ஊரே ஆஸ்பத்திரியில் வரிசை நிற்கும் நாள். நுன்சியா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். வரிசையிலிருந்த ஐந்து பெண்களைக் கூப்பிட்டாள். இடுப்புச் சாவியை எடுத்து மூடிய வார்டைத் திறந்துவிட்டாள்.

"பாருங்க. தினமும் இதைத்தான் துடைக்கிறேன். கட்டில் இருக்கு, ஆக்சிஜன் குழாய் இருக்கு. டாக்டர்தான் இல்ல. மெலீனா, உன் மூணாவது எங்க பொறந்தான்?"

"ஆம்புலன்ஸ்ல. கஷ்கொட்டைப் பருப்பு விக்கிற ரோட்டு வளைவுல."

"இங்க பொறந்திருக்கலாம். நான் நிக்கிறேன். என் பேரை எழுதுங்க. என் பேரை மட்டும்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரோக்கோவுக்குத் தெரிஞ்சிடுமே, அக்கா," என்றாள் மெலீனா.

"தெரியட்டும். கேட்டா என்ன சொல்லுவ? 'நீங்க நிக்க வச்ச ஆளுக்குத்தானே போட்டேன், நீங்க குடுத்த பேரைத்தானே எழுதினேன்'னு சொல்லு. உங்க கட்சிக்குத்தானே ஓட்டு விழுந்துதுன்னு கேளு. அவன் என்ன பதில் சொல்லுவான்?"

அடுத்தடுத்த செவ்வாய்க்கிழமைகளில் ஐந்து ஐந்து பேராக வார்டுக்குள் போய் வந்தார்கள். கூட்டமில்லை, சுவரொட்டியில்லை. விஷயம் ரோக்கோவின் காதுக்கும் போனது. அவன் சிரித்தான். துடைப்பக்காரிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது, டிசம்பரில் இறங்கிவிடும் என்று மூலை மேஜையில் சொன்னானாம். பயப்படத் தோன்றவில்லை அவனுக்கு. மனிதர்களைக் கோடுகளாகவே பார்த்துப் பழகியவனுக்கு அது எப்படித் தோன்றும்?

அக்டோபரில் ஞாயிறும் திங்களும் வாக்குப்பதிவு. சவேரியோவைக்கூட நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போடவைத்தார்கள். திங்கள் மதியம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பெட்டி திறந்தார்கள். ரோக்கோ, கட்சிப் பட்டியலின் பிரதிநிதியாக, ஒரு குட்டி மேஜையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, எட்டுத் தெருவுக்கும் எட்டுக் கட்டம் போட்ட நோட்டை விரித்தான். நுன்சியா சுவரோரம் நின்றாள். சாவடித் தலைவி, இளம் வக்கீல் ஒருத்தி, சீட்டுகளை விரித்துப் படித்தாள்.

"பெல்காஸ்த்ரோ, சிரியானி."

ரோக்கோ ஒரு கோடு போட்டான்.

"சிரியானி."

பென்சில் காத்திருந்தது. "அப்புறம்?" என்றான்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. சிரியானி மட்டும்."

அடுத்தது, சிரியானி. அதற்கடுத்ததும். நடுவில் ஒன்றிரண்டு பெல்காஸ்த்ரோ வந்தார், மறுபடி சிரியானி. அரை மணி நேரத்தில் ரோக்கோ நோட்டை மூடினான். எந்தக் கட்டத்தில் போடுவது என்றே தெரியவில்லை. எல்லாத் தெருவும் ஒரே தெருவாகிவிட்டிருந்தது.

"யார் யார்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்றான், நுன்சியாவைப் பார்த்து.

"உக்காந்து கண்டுபிடிங்க, டொன் ரோக்கோ. கையெழுத்தா போட்டிருக்காங்க?"

கடைசியில் ஊரில் சிரியானிக்கு நூற்றெண்பத்தேழு, பெல்காஸ்த்ரோவுக்குத் தொண்ணூற்று நாலு. மாவட்டம் முழுக்கப் பார்த்தால் நுன்சியா கிட்டத்தில்கூட வரவில்லை. வருவாள் என்று அவளே நினைக்கவில்லை. ஆனால் கட்சி ஜெயித்த ஒரே இடம் அதிகப் பெயர் விழுந்தவருக்குத்தான். அது அதே பட்டியலில் நின்ற கடற்கரை நகரத்து டாக்டர் ஒருவருக்குப் போனது. பெல்காஸ்த்ரோ அறுபத்து மூன்று ஓட்டில் பின்தங்கி வீட்டுக்குப் போனார்.

டிசம்பரில் நுன்சியாவின் வேலை போனது. சாவியை வாங்கிக்கொண்டார்கள். வார்டு இன்னும் மூடித்தான் கிடந்தது, இப்போது தூசியோடு. மெலீனா தினமும் ஒரு ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள், அதைப் பற்றிப் பேசவிடவில்லை.

ஜனவரியில் டாக்டரின் ஆள் ஒருவன் வந்தான். நல்ல பையன் மாதிரி பேசினான், கேக் டப்பாகூடக் கொண்டுவந்தான். அடுப்பருகே சவேரியோ படுத்திருந்தான்.

"டாக்டர் உங்களை மறக்கல, அம்மா. திங்கக்கிழமையே வேலைக்கு வாங்க. அடுத்த தடவை உங்க நூத்தி எண்பத்தேழை மட்டும் அவர் பக்கம் திருப்பிவிடுங்க."

"எங்கிட்ட நூத்தி எண்பத்தேழு இல்ல, தம்பி. ஒண்ணுதான் இருக்கு."

"விளையாடாதீங்க. ஊரே உங்க பேச்சைக் கேக்குது."

"கேட்டது ஒரு தடவை. அவங்கவங்க ஓட்டு அவங்கவங்க வீட்டுல இருக்கு. டாக்டரைச் சதுக்கத்துக்கு வரச்சொல்லுங்க. அவசரப் பிரிவு எப்பத் திறக்கும்னு கேப்பாங்க, பதில் சொல்லட்டும்."

"வேலை வேணாமா?"

"வேணும். ரொம்ப வேணும். இந்த விலைக்கு வேணாம். டப்பாவை எடுத்துக்கிட்டுப் போங்க."

நுன்சியா கதவைச் சாத்தினாள். சவேரியோ அவள் பக்கம் தலையைத் திருப்பினான். 

"நுன்சியா, நூத்தி எண்பத்தெட்டா இருந்திருக்கணும். அன்னைக்குப் பயந்துபோயி நான் வந்து..."

"நிறுத்து," என்றாள் நுன்சியா. அவள் குரலில் கோபமில்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. "யார் பேரை எழுதினேன்னு எங்கிட்டகூடச் சொல்லாத. அது உன் ஓட்டு."